ஒத்திவைக்கப்பட்ட அத்தை

பிறந்த நாட்டை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டும் கலையில் என் அப்பாவுக்கு நிகரானவர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. அவர் அந்த நாட்டை விட்டுக் கிளம்பி முப்பது வருடம் ஆகிறது. இடையில் அந்த நாடு அவரிடம் அனுமதி கேட்காமல் மாறிவிட்டது. அது நாட்டின் தவறு.

விருந்தினர் என்றால் எங்கள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் அவர் மனைவியும். "எங்க நாட்டுல..." என்று அப்பா அளந்ததையெல்லாம் நம்பி, டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள். இந்த அளவுக்கு நம்புவார்கள் என்று அப்பாவே எதிர்பார்க்கவில்லை.

அலுவலகத்தில் மேலாளராக இருப்பவர் விடுமுறையிலும் மேலாளர்தான். தினமும் காலையில் எங்கள் ஓட்டல் அறையில் 'ஆய்வுக் கூட்டம்' நடந்தது. தலைவருக்குக் கட்டில், உறுப்பினர்களான அம்மாவுக்கும் எனக்கும் தரை. அம்மா எல்லாக் கூட்டத்திலும் ஒரே தீர்மானத்தைத்தான் கொண்டுவந்தாள்.

"உங்க தங்கச்சி நேத்தும் போன் பண்ணினா. எப்ப வர்றீங்கன்னு கேக்கறா. இங்கேருந்து பஸ்ல போனா பத்தே நிமிஷம்."

"அவ வீடு சைக்கிள் கடைக்கு மேல, மூணாவது மாடி. லிப்ட் கிடையாது. டாக்டருக்கு முட்டி வலி."

"நேத்து கோட்டைல நமக்கு முன்னாடி ஏறினாரே?"

"கோட்டைப் படி வேற. சைக்கிள் கடைக்கு மேல ஏறுற படி வேற" என்று தலைவர் விளக்கமளித்தார். 'அத்தை வீடு' என்னும் பொருள் மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது.

அன்றைய நிகழ்ச்சி, அப்பா படித்த பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுதல். போய்ப் பார்த்தால் அது மெத்தைக் கடையாக இருந்தது.

"கட்டடம் அதேதான்" என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

"படுத்துப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க" என்றார் கடைக்காரர். டாக்டர் படுத்தார். டாக்டரம்மாவும் படுத்தாள். ஜன்னலோரத்து மெத்தையை அப்பா பெருமையோடு காட்டினார். "என் இடம் இதுதான். கணக்கு வகுப்பு இங்கதான் நடக்கும்."

"நீங்க நல்லா கணக்குப் போடுவீங்களா?" என்று டாக்டர் படுத்தபடியே கேட்டார்.

அப்பா அந்தப் பயணத்தில் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொன்னார். "தூங்குவேன்."

"அப்ப இந்த வசதியெல்லாம் இல்லையே சார்" என்று கடைக்காரர் வருத்தப்பட்டார்.

ஓட்டலுக்குத் திரும்பினால், வரவேற்பறை சோபாவில் அத்தை! பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில் அவளுக்கு வேலை. இனி காத்திருந்து பயனில்லை என்று வேலை முடிந்த கையோடு கிளம்பி வந்திருந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டாள்.

"அட, கைடு ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா! சொல்லவே இல்லையே!"

அப்பா வாயைத் திறந்தார். தங்கையின் தேய்ந்த செருப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது, "ஆமா... ஏற்பாடு பண்ணினேன்" என்று வந்தது.

அத்தை விரித்த கைகளை மெல்ல இறக்கினாள். கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"வணக்கம் சார். கிளம்பலாமா?"

அம்மா கொதித்துப்போய் ஏதோ சொல்ல வந்தாள். அத்தை அவள் கையை அழுத்தி நிறுத்தினாள். என் காதோரம் மட்டும், "மருமகளே, நல்லா கேட்டுக்கிட்டே வா" என்றாள்.

அன்று மாலை எங்கள் சுற்றுலாவின் 'தரம்' உயர்ந்தது. மணிக்கூண்டின் வரலாறு என்ன என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது சார். விசாரணைல யாரும் அதக் கேட்டதில்ல. பக்கத்துல அந்த மதில் தெரியுதா? ஒரு பையன் அதுல ஏறிக் குதிச்சான். டவுசர் கம்பில நின்னுடுச்சு, அவன் மட்டும் கீழ வந்துட்டான். அவன் தங்கச்சிதான் தன்னோட ஸ்கூல் பைய முன்னால பிடிச்சு மறைச்சு, வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போனா."

டாக்டர் மணிக்கூண்டை விட்டுவிட்டு மதிலைப் படம் எடுத்தார்.

"இந்த நிறுத்தத்துலதான் அவன் வெளிநாடு போக பஸ் ஏறினான். தங்கச்சி விடாம ஜன்னலப் பிடிச்சுக்கிட்டு அழுததுல பஸ்ஸே லேட்டு."

"ஐயோ பாவம்" என்றாள் டாக்டரம்மா. "இப்ப அவன் எங்க?"

"பெரிய ஆளும்மா. ஊருக்கு வந்திருக்கான். ஓட்டல்ல தங்கியிருக்கான்."

"தங்கச்சி வீட்டுக்குப் போகலையா?"

"அங்க படி ஒத்துக்கலையாம்."

அப்பாவுக்கு இருமல் வந்தது. டாக்டரம்மாவுக்கோ ஆவேசம் வந்துவிட்டது. "என்ன மனுஷன் அவன்! நீங்களே சொல்லுங்க சார், இது நல்லாவா இருக்கு?"

"சிலருக்கு... வேலைப் பளு இருக்கும்" என்று அப்பா நடுநிலையோடு கருத்துத் தெரிவித்தார்.

ஓட்டல் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். எந்த நிகழ்ச்சியையும் நன்றியுரை இல்லாமல் முடித்துப் பழக்கமில்லாத அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இந்த அம்மா இன்னிக்கு நமக்காக ரொம்ப சிரமப்பட்டாங்க. நம்ம சொந்தத் தங்கச்சி மாதிரி பார்த்துக்கிட்டாங்க. நம்ம எல்லார் சார்பாவும் அவங்களுக்கு நன்றி."

 அத்தை அவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"இருக்கட்டும் சார். என் அண்ணன் வந்தா இப்படித்தான் சுத்திக் காட்டணும்னு ஆசையா இருந்தேன். அவர்தான் இன்னும் வரல."

பதிலில் இருந்த பண்பு டாக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கை தட்டினார். டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். அம்மா தட்டவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

அப்பா மட்டும், தலைவர் என்ற முறையில், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.