லேமினேஷன் மேடமும் சுவருக்குள் போன ஆடும்

குழந்தைகளிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்றுவதற்கென்றே பிறவி எடுத்த மனுஷி இந்த உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் லேமினேஷன் மேடம்தான். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கொல்லிமலையில் வேறு யாரும் அதை உபயோகித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அந்த மலையில் அரியூர் நாடு என்கிற கிராமத்தில் ஓர் அங்கன்வாடியில் டீச்சர். அடிவாரத்து ஊரிலிருந்து தினமும் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவள். மேடம் எங்கள் சூப்பர்வைசர். அவரும் கீழேயிருந்து வந்தவர்தான், ஆனால் ஏதோ வானத்திலிருந்து இறங்கியவர் மாதிரி நடப்பார். நாற்காலியில் பேப்பர் விரித்துத்தான் உட்காருவார். குழந்தைகள் பக்கத்தில் வந்தால் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொள்வார், வெள்ளம் வருகிற மாதிரி.

சொந்தச் செலவில் ஒரு லேமினேஷன் மெஷின் வாங்கி வைத்திருந்தார். அடையாள அட்டை, சத்துணவு அட்டவணை, பஸ் டைம், பக்கத்து ஊர்க் கல்யாணப் பத்திரிகை, ஒரு மிளகு இலை எல்லாம் அதற்குள் போய்த் தகடாக வெளியே வந்தன. அவர் முன்னால் கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் நம்மையும் உள்ளே விட்டு எடுத்துவிடுவாரோ என்று ஆயாவும் நானும் பயந்திருக்கிறோம்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் எங்களுக்கு வந்த பன்னிரண்டு படப் புத்தகங்களும் சிக்கின.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது ரொம்ப எளிது. புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுங்கள், புரட்டட்டும், படத்தைப் பார்த்து அதுவாகவே கதை சொல்லட்டும், எழுத்து பின்னாலேயே வரும். நானும் கொடுத்தேன். ஒரு வாரம் திருவிழா. எட்டாம் நாள் மேடம் வந்தார். பொன்னி என்கிற நாலு வயதுக்காரி கையில் இருந்த யானைக்கு ஒரு காது இல்லை.

"யானைக் காதை யார் தின்னது?"

"நாந்தானுங்க. அதுக்கு வலிக்கலீங்க மேடம்" என்றாள் பொன்னி.

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யானையைக் கொன்றவளே நான்தான். புத்தகங்களை மூட்டை கட்டிச் செம்மேட்டில் இருந்த தன் ஆபீசுக்குக் கொண்டு போனார். அடுத்த வாரம் ஜீப்பில் ஒரு சாக்கு வந்து இறங்கியது. பின்னைப் பிடுங்கி, தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் லேமினேஷன் செய்திருந்தார். ஆணியும் சுத்தியலும் அவரே கொண்டுவந்திருந்தார். கூரைக்கு ஒரு முழம் கீழே, எந்தக் குழந்தையின் கையும் எட்டாத உயரத்தில், வரிசையாக அடித்தார்.

"ஏனுங்க மேடம், புள்ளைங்களுக்கு எட்டாதுங்களே?"

"எட்டக்கூடாதுன்னுதாம்மா அடிக்கிறேன். அண்ணாந்து பார்க்கட்டும்."

"தாளுக்குப் பின்பக்கமும் படம் இருக்குதுங்க. அது செவுத்தப் பாத்துட்டு இருக்குதுங்க."

"அங்கன்வாடிக்குப் பாதிக் கதை போதும். ஒரு தாள் கெட்டாலும் உனக்கு மெமோ."

அரசாங்கத்தில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படியாக எங்கள் கதைகளெல்லாம் பாதியாயின. ஒரு தாளில் ஆடு சந்தைக்குக் கிளம்பும். அடுத்த தாளில் கழுத்தில் மணியோடு வீட்டுக்கு வரும். நடுவில் நடந்தது சுவரோடு ஒட்டிக் கிடந்தது. குழந்தைகள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கப் பார்த்தார்கள்.

"ஆடு எங்கீங்க டீச்சர் போச்சு?"

"தெரியலியே கண்ணு."

"செவுத்துக்குள்ள போயிருக்குதுங்க" என்றான் ஒருவன். "மணியத் திருடப் போச்சு" என்றாள் பொன்னி. அன்றிலிருந்து தினமும் இதே சண்டை. மேடத்துக்கு இது எதுவும் தெரியாது. அவர் வந்தால் தாள்களை எண்ணுவார், போய்விடுவார்.

ஆடி மாதக் காற்றும் மழையும் சேர்ந்து எங்கள் கட்டடத்தை உலுக்கிய ஒரு வாரம். சுவர் ஊறிப் போய் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு நாள் காலை வந்து கதவைத் திறந்தால் பாதித் தாள்கள் தரையில் கிடந்தன. நான் அடுப்படியில் ஆயாவோடு ஒழுகுகிற இடத்துக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குழந்தைகள் தாள்களை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள்.

வாசல் முழுக்கக் கணுக்கால் சேறு. அதில் தாள்களை, பழகிய படம் மேலே தெரிய, வரிசையாகப் போட்டு, நொண்டியடித்துத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா தாண்டவில்லை. எந்தத் தாளில் கால் வைக்கிறார்களோ, அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவுட். பொன்னி ஒற்றைக் காலில் நின்று, தூக்கிய காலின் கட்டை விரலால் ஓர் எழுத்தைத் தொட்டு, "இது மணிக்கு ம" என்றாள். நான் மாதக்கணக்கில் கரும்பலகையில் எழுதி எழுதிச் சொல்லிக்கொடுத்தும் வராத 'ம' அது.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

மேடம் இறங்கினார். சேற்றில் மிதக்கிற தன் தாள்களைப் பார்த்தார். எனக்கு மெமோ மட்டுமல்ல, வேலையே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் சேறு. தாண்டிவர அந்தத் தாள்களைத் தவிர வேறு வழியில்லை. கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு முதல் தாளில் கால் வைத்தார்.

"அவுட்டு!" என்று ஒரே கூச்சல்.

"கதை சொல்லாம வரக்கூடாதுங்க மேடம். திரும்பிப் போங்க" என்றாள் பொன்னி. மேடம் முறைத்தார். குழந்தைகள் வழிவிடவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த மனுஷி திரும்பிப் போய் நின்றார்.

மறுபடி கால் வைத்தார். குனிந்து பார்த்தார். "ஆடு... சந்தைக்குப் போகுது."

"அப்பறம்?"

அப்புறம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை தாளையும் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டு எடுத்தவர், ஒரு கதையைக்கூடப் படித்திருக்கவில்லை! அடுத்த தாளுக்குத் தாவினார். சேற்றில் தாள் வழுக்கியது. மேடம் பொத்தென்று உட்கார்ந்தார். இடுப்புவரை சேறு.

தூக்கிவிட யாரும் கிட்டே போகவில்லை. டிரைவர்கூட ஜீப்பை விட்டு இறங்கவில்லை. மேடம் எழுந்திருக்க முயற்சி செய்யவே இல்லை. கையை நீட்டி முதல் தாளை எடுத்துத் திருப்பி, முந்தானையால் துடைத்துப் பார்த்தார். மணிக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். ஆடு அவர் மூக்கை நக்குகிறது.

"நாஞ் சொல்லல? திருட்டுத்தான்!" என்றாள் பொன்னி.

"இல்ல கண்ணு" என்றார் மேடம். அவர் வாயிலிருந்து 'கண்ணு' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எழுப்பிவிட்டதுக்கு அவரே குடுத்திருப்பார்."

"தூங்கறவங்கள எழுப்புனா அடிப்பாங்க. மணி எப்படிங்க குடுப்பாங்க?"

"இவரு நல்லவரும்மா. மூஞ்சியப் பாரு."

சேற்றில் உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் மேடம்தான் தோற்றார்.

அதனால் மனுஷி திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரமே எனக்கு மெமோ வந்தது: 'படங்களின் பின்பக்கம் குழந்தைகளுக்குத் தெரியாதவாறு சுவரில் மாட்டியது ஏன்? விளக்கம் தரவும்.' ஆணி அடித்தவர் அவர். பதில் எழுதியவள் நான்! தாள்களைக் கூடையில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லி உத்தரவும் போட்டார், தானே கண்டுபிடித்த மாதிரி. அப்புறம் வாரம் இரண்டு தடவை வர ஆரம்பித்தார். ஆய்வு என்பார். வந்ததும் பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்து பொன்னியோடு சண்டை போடுவார். ரிஜிஸ்டரைத் தொடவே மாட்டார்.

போன வருஷம் அவருக்குக் கீழே மாற்றலாகிவிட்டது. இப்போது வருகிற சூப்பர்வைசர் நல்லவர், எங்களை எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. ஜீப் சத்தம் கேட்டதும் குழந்தைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். இறங்குவது யாரென்று பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடிப் போய் நிற்பது நான்தான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.