பத்து விரலும் கறுப்பு

"விரலை நீட்டுப்பா" என்றார் வாக்குச்சாவடி வாசலில் நின்ற காவலர்.

சலூன்காரர் நீட்டினார். சுட்டுவிரல் நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

"அதான் போட்டாச்சே. அப்புறம் எதுக்கு வந்த?"

"இது மை இல்லை சார், தலைச்சாயம். கையுறை கிழிஞ்சிருந்தது."

"யாருக்கு அடிச்ச? அவரைக் கூட்டிட்டு வா, விசாரிச்சுக்கறேன்."

சலூன்காரரால் அது முடியாது. சாயம் அடித்தது கடை ஓனருக்கு. ஓனர்தான் இந்த வார்டு வேட்பாளர். 'இளைஞர்களின் தோழன்' என்று தெருவெல்லாம் சுவரொட்டி; அதில் இருந்தது அவர் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். விடிவதற்குள் ஆளனுப்பிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நரையை மறைத்தவர், ஈரத் தலையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இரண்டு உத்தரவு போட்டிருந்தார். சாயம் விஷயத்தை வெளியே மூச்சுவிடக் கூடாது. ஓட்டு தனக்கு விழுந்தாக வேண்டும். எது தவறினாலும் கடையைக் காலி பண்ண வேண்டியதுதான். கடை போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். எதிர்வேட்பாளரின் ஆட்களோ பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவர் வெளியூர் போயிட்டாரு சார்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

எலுமிச்சம்பழம் தேய்த்தார். மண்ணெண்ணெய் தேய்த்தார். கடைசியில் பாத்திரம் துலக்குகிற கம்பி நாரை எடுத்தார். சாயம் பாதி போனது, தோல் முழுசாகப் போனது. திரும்பி ஓடினார்.

காவலர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மையை அழிச்சிட்டு ரெண்டாவது ஓட்டுப் போட வந்தியா?"

"சாயத்தைத்தான் சார் அழிச்சேன்."

"அழிக்கிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான்."

"போட்டவங்க வீட்டுக்குப் போனா, போடாதவங்க போடலாம்" என்றாள் வரிசையில் கூடையோடு நின்ற ஒருத்தி.

வீட்டுக்குப் போய்த் துணி சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். காவலர் அதை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் பழைய கதைதான். சலூன்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுபடியும் வீடு. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஒரு விரல்ல இருந்தாத்தானே மைன்னு சொல்றாங்க? எல்லா விரல்லயும் இருந்தா, தொழில் கறைன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போனதே என்று சலூன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்குப் போய்ச் சாயக் கிண்ணத்தில் இரண்டு கையையும் முக்கினார். ஊதி ஊதிக் காயவைத்தார். சரணடைய வந்தவரைப் போல இரு கைகளையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

காவலர் பத்து விரலையும் நிதானமாகப் பார்த்தார். "ஊர்ல ஒரு பூத்தையும் விட்டு வைக்கலையா நீ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த தேர்தல் அதிகாரி எழுந்து வந்துவிட்டார். கதையைக் கேட்டார். உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க பேர்ல இன்னும் யாரும் ஓட்டுப் போடலை. காலையிலேயே உள்ள வந்து என்னைக் கேட்டிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும்."

"இப்பப் போடலாமா சார்?"

"நேரம் முடிஞ்சு கேட்டைச் சாத்தியாச்சே. வரிசைக்குள்ள நின்னிருந்தாலும் விட்டிருப்பேன். நீங்க வெளியே நிக்கிறீங்க."

அதற்குப் பிறகு சலூன்காரருக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. வாக்கு எண்ணிக்கை முடிந்தது. ஓனர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தார்.

மாலையோடு ஊர்வலம் போக வேண்டியவர் நேராகக் கடைக்கு வந்தார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தவர் அதே காவலர்.

"நீ பூத்துக்குள்ளயே வரலைன்னு என் ஏஜென்ட் சொன்னான்" என்றார் ஓனர். "நீ போட்டிருந்தா சமமாயிருக்கும். குலுக்கல்ல ஜெயிச்சிருப்பேன். சாவியை வை."

"காலையிலேர்ந்து அலைஞ்சேங்க. விரல்ல கறை இருக்குன்னு விடலை."

"கறை இருந்தா என்ன? ஒரு ஓட்டோட அருமை உனக்கெங்கே தெரியப்போகுது?"

சலூன்காரர் சாவியை எடுத்தார். காவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓனரின் முகத்தையும் கறுத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அன்னைக்கு முதல் ஆளா இதே மாதிரி கறுத்த விரலோட வந்து, 'சாயமா'ன்னு நான் கேட்டதுக்கு, 'எனக்கெதுக்குய்யா சாயம், ஓட்டுப் போட்டாச்சு'ன்னு போடாமலே திரும்பிப் போனது நீங்கதானே?"