கள்ளிமேட்டுக் கதவடைப்பு

ஒரு காட்டில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கம் சபை கூட்டியது என்றால் நம்புகிறீர்கள், நரி நாலு வார்த்தை பேசியது என்றால் தலையாட்டுகிறீர்கள், டிராம் என்றதும் மட்டும் புருவத்தைத் தூக்குகிறீர்கள். இறக்குங்கள். கதை சொல்கிறவன் நான்.

அந்த டிராம் ஒரு ரயில்பூச்சி. சில ஊர்களில் மரவட்டை என்பார்கள். நம் வீட்டுச் சுவரோரம் ஊர்வது விரல் நீளம்தான் இருக்கும். இது ஒரு தெரு நீளம். குகை வாசலில் கிளம்பித் தண்டவாளத்தின் மேல் ஊர்ந்து ஆலமரத்தடியில் நிற்கும், திரும்பிப் போகும். மான், மயில், முள்ளம்பன்றி எல்லாம் அதன் முதுகில் ஏறித்தான் வேலைக்குப் போயின. முள்ளம்பன்றி ஏறினால் ரயில்பூச்சிக்கு வலிக்காதா என்று கேட்காதீர்கள். வலித்தது. ஆனால் அதை யாரும் கேட்டதில்லை.

ஆலமரத்துக்கு அப்பால் கள்ளிமேடு. அங்கே நூற்று முப்பத்தேழு நத்தைகள், ஆளுக்கொரு வீடு. கள்ளிமேட்டுக்கு அப்பால் மொட்டைப் பாறை, பாறை தாண்டினால் தாமரைக்குளம். குளத்தங்கரையில் பன்னிரண்டு மாதமும் ஈரம் இருக்கும். கள்ளிமேட்டிலோ பங்குனி பிறந்தால் மண் சுடும். நத்தைகள் அவரவர் ஓட்டுக்குள் போய், வாசலில் சுண்ணாம்பு மாதிரி ஒரு மூடியைப் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். மழை வந்தால் திறக்கும். எல்லாக் கதவும் திறக்காது, அதுதான் சங்கடம்.

போன வருஷம் மழை வந்தபோது ஒன்பது கதவுகள் திறக்கவில்லை. அதில் ஒன்று பேச்சியுடையது. பேச்சியின் தங்கை மூக்காயி மூன்று நாள் அந்தக் கதவைத் தட்டினாள். அக்கா, மழை வந்துருச்சு, அக்கா, தரை ஈரமா இருக்கு என்று சொல்லிப் பார்த்தாள். நாலாவது நாள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலத்திலேயே நடந்து குளத்துக்குப் போய்விட வேண்டியதுதானே என்று ஒரு புத்திசாலி கேட்பார், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். பாறையைக் கடக்க நத்தைக்குப் பதினோரு நாள். மழைக்காலத்தில் அந்தப் பாறை மேல் கொக்குகள் நிற்கும். போதுமா? டிராமில் போனால் வெற்றிலை மென்று துப்பும் நேரம்தான். அதனால் மூக்காயி ஒரு மனு எழுதினாள். டிராமைக் குளம் வரைக்கும் விட வேண்டும், அடுத்த கோடைக்குள் விட வேண்டும். வேறு ஒன்றும் எழுதவில்லை.

மனு, காட்டு டிராம் மேம்பாடு மற்றும் நீட்டிப்புக் குழுவிடம் போனது. குழுவுக்குத் தலைவர் யானை. யானை பிறந்ததிலிருந்து டிராமில் ஏறியதில்லை, ஏறவும் முடியாது. அந்தத் தகுதியில்தான் அவரைத் தலைவராகப் போட்டார்கள். செயலாளர் நரி. காதில் பென்சில், கையில் படிவம், எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்று சொல்கிற வாய்.

தை மாதம் ஆலமரத்தடியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். கள்ளிமேட்டிலிருந்து ஆலமரம் நத்தை நடைக்கு நாலு நாள், நல்லவேளை வழியெல்லாம் புதர் நிழல். கூட்டம் நடப்பது அன்றிலிருந்து மூன்றாம் நாள் என்று மூக்காயிக்குத் தகவல் வந்தது. கணக்குத் தெரிந்தவளாக இருந்தும் கிளம்பினாள்.

கூட்டம் பிரமாதமாக நடந்ததாம். தோகை கசங்குகிறது, மெத்தை போட்ட இருக்கை வேண்டும் என்று மயில் ஒரு மணி நேரம் பேசியது. ஆலமரத்தடியில் டீக்கடை வைத்திருந்த குரங்கு எழுந்து, டிராம் ஆலமரத்தோடு நிற்பது நம் முன்னோர் வகுத்த மரபு, அதை நீட்டுவது பண்பாட்டின் மேல் கை வைப்பது என்று கண் கலங்கியது. எல்லாரும் இறங்கி டீ குடிக்கும் இடம் அதுதான் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டது. அப்புறம் டிராமுக்கு என்ன நிறம் பூசுவது என்று பேச்சு திரும்பியது. அதில் கைகலப்பு ஆகி, முயலுக்குக் காது கிழிந்தது. யானை கடைசிவரை நடுநிலையோடு அமர்ந்திருந்தார். டிராம் குளத்துக்கு வந்தால் தான் குளிக்கும் துறையில் கூட்டம் சேருமே என்ற கவலையை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மூக்காயி வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நரி மட்டும் இருந்தது. அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள், பேச்சி கதையையும் சொன்னாள். நரி பொறுமையாகக் கேட்டது. உண்மையிலேயே கேட்டது, அதில் குறை சொல்லக்கூடாது.

“கருத்தைக் கேட்டுட்டோம்மா,” என்றது. “கருத்துக் கேட்புன்னு போட்டோம், கேட்டாச்சு. இனி படிவம் ஒண்ணு இருக்கு.”

படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். மூக்காயி தன் முதுகைக் காட்டினாள். நரி அவளையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தது. கள்ளிமேட்டில் குடியிருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆனால் வீடு இப்போது ஆலமரத்தடியில் இருக்கிறது, நாளைக்குப் பாதி வழியில் இருக்கும், இதை எப்படி நிரந்தரம் என்று எழுதுவது என்று அது நியாயமாகவே கவலைப்பட்டது. கடைசியில் ஒரு வழி சொன்னது. மாசி முதல் வாரம் குழுவே நேரில் கள்ளிமேட்டுக்கு வரும். வீடு வீடாகக் கதவைத் தட்டி, டிராம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளும். அன்றைக்கு எல்லாரும் வீட்டோடு இருக்க வேண்டும்.

நத்தைக்கு வீட்டோடு இருக்கச் சொல்லித் தர வேண்டுமா? மூக்காயி திரும்பி வந்து மேடெங்கும் சொல்லி வைத்தாள். மாசி முதல் வாரம் எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். குழு வரவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. தலைவருக்குத் தந்தத்தில் கூச்சம் என்று சொல்லி அனுப்பினார்கள். பங்குனி பிறந்தது. மண் சுட்டது. ஒவ்வொருவராகக் கதவைப் பூசிக்கொண்டு படுத்தார்கள். மூக்காயிதான் கடைசி. அடிவயிறு வெந்து போகிறவரை வழியைப் பார்த்திருந்துவிட்டு, குழுவைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, அவளும் சாத்திக்கொண்டாள்.

குழு சித்திரை கடைசியில், கத்திரி வெயிலில் வந்தது. முதல் வீட்டைத் தட்டினார்கள், சத்தமில்லை. இரண்டாவது, பத்தாவது, ஐம்பதாவது, எல்லாம் சாத்தியிருந்தது. நூற்று முப்பத்தேழு கதவும் ஒரே மாதிரி வெள்ளைப் பூச்சோடு இறுக்கிச் சாத்தியிருந்தது. நரி காதிலிருந்து பென்சிலை எடுத்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுதியது: டிராம் நீட்டிப்புத் திட்டத்தை எதிர்த்துக் கள்ளிமேட்டில் முழுக் கதவடைப்பு.

யானை அதை இரண்டு தரம் வாசித்தார். தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மக்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதிர்க்கும் ஒரு திட்டத்தை நான் எப்படித் திணிப்பேன் என்றார். நீட்டிப்பு அன்றே கைவிடப்பட்டது. மேம்பாடு மட்டும் நடந்தது. ரயில்பூச்சியின் கால்களுக்கு மஞ்சளும் பச்சையும் மாற்றி மாற்றிப் பூசினார்கள், முதுகில் மெத்தை தைத்தார்கள், கழுத்தில் ஒரு மணி கட்டினார்கள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. மூக்காயி கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டு முதுகில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலும் அதே காகிதம். அவள் முதுகிலும் இருந்ததாம், அதை அவளால் படிக்க முடியாது, அதனால் எதிர்வீட்டுக்காரர் முதுகில் படித்தாள். கள்ளிமேடு வாழ் பெருமக்களின் வீரமிகு கதவடைப்புப் போராட்டம் முழு வெற்றி பெற்றது. டிராம் வராது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். போராட்டத் தலைவருக்குத் தாமரைக்குளத்தில் பாராட்டு விழா. தலைவர் பெயரை உடனே தெரிவிக்கவும்.

எதிர்வீட்டுக்காரரிடம் இதைக் காட்டலாம் என்று கூப்பிட்டாள். அவர் கதவு திறக்கவில்லை. அந்த வருஷம் பதினாலு கதவுகள் திறக்கவில்லை. போன வருஷத்து ஒன்பதையும் சேர்த்தால் இருபத்து மூன்று.

மூக்காயிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆத்திரத்தோடு நாலு நாள் நடந்தாள். நாலு நாள் நடந்தால் எவருக்கும் ஆத்திரம் அடங்கிவிடும், அவளுக்கு அடங்கவில்லை. ஆலமரத்தடியில் நரியைப் பிடித்து, அது போராட்டமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, தூக்கம், வெயில் தாங்காமல் படுத்த தூக்கம் என்று கத்தினாள். நத்தை கத்தினால் எவ்வளவு கேட்கும்? இருந்தாலும் நரி குனிந்து கேட்டது. பிழையைத் திருத்தலாம், அதற்கு மறுபடி கூட்டம், மறுபடி கள ஆய்வு என்றது. ஆய்வுக்கு எப்போது வருவீர்கள் என்றாள். சித்திரையில், கதவைத் திறந்து வைத்திருந்தால் ஆதரவு என்று எழுதிக்கொள்கிறோம் என்றது.

“சித்திரையில கதவைத் திறந்து வெச்சா நாங்க செத்துருவோம்யா.”

“அதை இதர குறிப்புகள்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதுங்கம்மா.”

நரி குரலைத் தாழ்த்தியது. அதெல்லாம் கிடக்கட்டும், விழாவுக்குத் தலைவர் பெயர் வேண்டும், யானை ரொம்ப ஆசையாக இருக்கிறார், மக்கள் உணர்வை மதித்தவர் என்று அவருக்கும் பேர் கிடைக்கும், போராட்டத் தலைவரை மரியாதையாக வண்டி வைத்து அழைத்து வரச் சொல்லியிருக்கிறார் என்றது.

எந்த வண்டி என்று மூக்காயி கேட்டாள். காட்டில் இருப்பது ஒரே வண்டிதானே என்றது நரி.

மூக்காயியின் இரண்டு கொம்பும் அப்படியே நின்றன. அக்காவின் கதவைத் தட்டிய மூன்று நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் மெதுவாகச் சொன்னாள்.

“தலைவர் ஒருத்தர் இல்லைங்கய்யா. நூத்தி முப்பத்தேழு பேரும் தலைவர்தான். ஒருத்தரை விட்டாலும் கதவடைப்போம்.”

நரி படிவத்தைப் புரட்டிவிட்டு, இன்னும் இருபத்து மூன்று வீடு திறக்கவே இல்லை என்று தகவல் வந்திருக்கிறதே, அவர்கள் யார் என்று கேட்டது.

“அவங்க கொஞ்சம் தீவிரமானவங்க,” என்றாள் மூக்காயி. “அவங்களுக்கு ஜன்னலோரம் குடுங்க.”

தண்டவாளம் இல்லாமல் டிராம் எப்படிப் பாறையில் போகும் என்று நரிக்கு ஒரு சந்தேகம். முதல் தடவையாக ரயில்பூச்சியிடம் போய்க் கேட்டது. எனக்கு எதற்குத் தண்டவாளம், அதான் முந்நூறு கால் இருக்கிறதே, நீங்களாகப் போட்டீர்கள், நானும் சரி என்று அதன் மேல் நடந்தேன் என்றது ரயில்பூச்சி. இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கக் கூடாதா என்று நரி கடிந்துகொண்டது. கூட்டம் நடந்தபோது நான் குகைக்கும் மரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன், உங்களை ஏற்றி வந்ததே நான்தான் என்றது.

கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது, மணியடித்துக்கொண்டு டிராம் கள்ளிமேட்டுக்கு வந்தது. தீவிரமானவர்களை முதலில் ஏற்றினார்கள். பேச்சியை மூக்காயியே தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக உட்காரவைத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். பாறை வந்தது. கொக்குகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன, வண்டி நிற்காமல் போனது. மூக்காயி அக்காவிடம் பாறை முடிந்துவிட்டது என்று சொன்னாள், அழுதாள். கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு அழுததால் நரிக்குத் தெரியவில்லை.

குளத்தங்கரையில் யானை பேசினார். டிராம் வேண்டவே வேண்டாம் என்று உறுதியோடு நின்ற இந்த மாவீரர்கள் இன்றைக்கு டிராமில் வந்து இறங்கி என்று தொடங்கியவர், எங்கேயோ இடிக்கிறது என்று நிறுத்தினார். நரி சட்டென்று கைதட்டியது. எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மூக்காயி பேச்சியை ஈர மண்ணுக்கு உருட்டிக்கொண்டு போனாள். தாமரை இலை நிழல் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும், விழா நிறைவுற்றது, எல்லாரும் வண்டியில் ஏறுங்கள், மேட்டில் கொண்டுபோய் விடுகிறோம் என்று நரி அறிவித்தது. நூற்றுப் பதினாலு நத்தைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. பிறகு, கரை நெடுக, ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன.

நரி காதிலிருந்து பென்சிலை எடுத்தது. குளக்கரையில் காலவரையற்ற கதவடைப்பு என்று எழுதியது. யானை அதை வாங்கிப் படித்து, மக்கள் உணர்வை மதிக்க வேண்டியதுதான் என்று முனகிவிட்டு, குளிக்க வேறு துறை தேடிப் போனார்.

நீதி: டிராம் வேண்டும் என்று கேட்பவருக்குப் படிவம் வரும், வேண்டாம் என்பவருக்கு டிராமே வரும், இரண்டில் ஒன்றும் சொல்ல முடியாமல் செத்துப்போனவருக்கு ஜன்னலோர இருக்கை உண்டு.