நிச்சயதார்த்தத்தில் ஒரு க்யூரி

இயற்பியல் வாத்தியாரைத் தாராளமாக மாப்பிள்ளை ஆக்கலாம். ஆனால் கையில் கருவியோடு மட்டும் பெண் வீட்டுக்குள் விடக்கூடாது. அதற்கு நானே சாட்சி.

என் நிச்சயதார்த்தம் எங்கள் தீவின் துறைமுகத்துக்கு அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில், பெண் வீட்டில். கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த, கதிரியக்கம் அளக்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு சாத்தம் படகுத்துறையில் போட் ஏறினேன். (மணப்பெண் சுமதியிடம் பந்தா காட்டத்தான். வேறென்ன?)

அங்கே போனால் வருங்கால மாமனார் முகம் கொடுக்கவே இல்லை. முந்தின வாரம்தான் மெயின்லேண்டிலிருந்து திரும்பியவர். முற்றத்துக் கோடியில் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிட்டப் போன குழந்தைகளைக்கூட விரட்டினார். அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"சம்பந்திக்கு நம்மளப் புடிக்கலடா. தட்டு மாத்தாம அடுத்த போட்டுக்கே கெளம்பிருவோம்."

கிளம்புவதா? சுமதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எப்படியாவது இந்த மனிதரை அசத்தியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா, "தட்டுல நூத்தியொண்ணு வைங்க" என்றார். விடுவேனா!

"நூத்தியொண்ண ரோமன் எண்ணுல எழுதினா சி, ஐ. அதே ஐ-யைச் சின்னதாக்குங்க, க்யூரி! ஒரு கிராம் ரேடியத்துல வினாடிக்கு மூவாயிரத்து எழுநூறு கோடி அணு உடையுதே, அந்த அளவு!"

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கருவியை முடுக்கி வாழைப்பழச் சீப்பிடம் காட்டினேன். டிக்... டிக். பெரியப்பாவிடம் காட்டினேன். டிக். மாமனாரை நோக்கி நாலு எட்டு வைத்தேன். அது வீலென்று அலறியது.

"ஐயோ, பாம்!" என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் "பாகோ! பாகோ!" என்று வேலியைத் தாண்டி ஓடினார். கேசரி அண்டா கவிழ்ந்தது.

"மெஷின் கராப் ஆயிடுச்சு மாமா," என்று உளறினேன்.

"மெஷின் கராப் இல்ல மாப்ள, நான்தான் கராப். தைராய்டுக்கு மெட்ராஸ்ல அணு மருந்து குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்குப் புள்ளைங்க பக்கம், மாசமா இருக்கவங்க பக்கம் போவாதீங்கன்னாங்க. பெரிய பொண்ணு மாசமா இருக்கா. சீக்காளி வீடுன்னு நீங்க திரும்பிப் போயிருவீங்களோன்னுதான் வாயத் தொறக்கல."

கருவியை அணைத்தேன். கரும்பலகையில் எழுதி எழுதி நான் அழித்த அணு, வேட்டி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. அந்தக் கழுத்துக்குள் வினாடிக்கு வினாடி கோடிக்கணக்கில் அணுக்கள் உடைகின்றன. அது இன்னொரு உயிர்மேல் படக்கூடாதென்று, சொந்த மகள் நிச்சயத்தில் அந்நியர்போல ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார் ஒரு மனிதர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டில் எதை நினைத்து என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அம்மா மூக்கை உறிஞ்சியபடி, "தட்ட எடுங்க" என்றாள்.

ஆசீர்வாதம் வாங்க நானும் சுமதியும் நெருங்கினோம். "அங்கயே! அங்கயே விழுங்க!" என்று கத்தினார் மாமா. கேட்டுக்குப் பக்கத்தில், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே விழுந்து எழுந்தோம். அவர் கையை உயர்த்தி, அழுதுகொண்டே வாழ்த்தினார்.

இப்போது மாமா நல்ல சுகம். பிறந்தநாள் வந்தால் என் மகள் அவர் வீட்டு கேட்டிலேயே நின்று குரல் கொடுக்கிறாள்: "தாத்தா, இங்கயே விழட்டுமா?"

"கிட்ட வாடி, போக்கிரி!" என்று இரண்டு கைகளையும் விரிக்கிறார் அவர்.