மூன்றாம் நம்பர் ஜன்னலும் என் மோவாயும்

அன்புத் தங்கைக்கு,

உன் மூத்த அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அண்ணியும் நானும் என் ரத்த அழுத்தமும் வழக்கம் போல இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பத்தொன்பது நாளாகத் தங்கியிருக்கும் உன் மருமகள், அதாவது என் மகள், சௌக்கியமாகத்தான் இருப்பாள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர்களுக்கு எப்போதும் நன்றாகப் பசிக்கும், தூக்கமும் வரும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இரண்டும் வராது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் சிரித்துவிடுவாய். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை அவள் கல்லூரியில் அவள் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டப் போகிறார்கள். மொத்தம் பதினோரு நிமிடம். அதில் நாற்பது வினாடி ஓடும் ஒரு ஷாட் இருக்கிறது. அதை மட்டும் அவள் வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வருவேன், வெட்டாவிட்டால் வர மாட்டேன். நான் சொல்லி அவள் கேட்கவில்லை. அத்தை சொன்னால் கேட்பாள்.

அவள் தன் பக்கத்தை உன்னிடம் அழகாகச் சொல்லியிருப்பாள், வாய் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். இப்போது என் பக்கத்தைக் கேள். படம் ஒரு குமாஸ்தாவைப் பற்றியது. ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் கொடுக்கும் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நடிகரைத் தேடும் சிரமம் இல்லை, வீட்டிலேயே சும்மா இருந்தேன். "எனக்கு நடிக்க வராதேம்மா" என்றேன். "நடிக்காதீங்கப்பா, அதுதான் வேணும்" என்றாள். முதல் நாளே கேமராவோடு பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நாற்காலியில் செய்தித்தாள் படிக்கும் என்னை எடுத்தாள். எடுத்ததைக் காட்டினாள். ஹால் முழுக்கத் தரை, தரைக்கு நடுவில் யாரோ மறந்துவிட்டுப் போன பை மாதிரி நான். எனக்குச் சுருக்கென்றது. அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எடுத்தது தப்புதான், அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதில் எழுதியிருந்தது: மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவான், பலவீனம் தெரியும். கீழிருந்து எடுத்தால் ஆள் ஓங்கி நிற்பான், அதிகாரம் தெரியும். கிட்டே போனால் மனசு தெரியும், தூரப் போனால் தனிமை தெரியும்.

முப்பத்தொரு வருடம் சுற்றறிக்கை படித்தவன் நான், எழுத்தில் இருந்தால் அமல்படுத்திவிடுவேன். அந்த வாரம் உன் பிறந்தநாளுக்கு வீடியோவில் வாழ்த்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? மூத்த அண்ணன் கொஞ்சம் கம்பீரமாகத் தெரியட்டும் என்று போனைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு நின்றுகொண்டு பேசினேன். நீ என்ன சொன்னாய்? "அண்ணா, எங்க இருக்க? ஃபேன் சுத்துது, ரெண்டு மூக்கு ஓட்டை தெரியுது, ஆளைக் காணோம்." சரி, தங்கைதானே என்று விட்டேன். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக உட்கார்ந்தேன். செயலாளர் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூல நோய்க்குக் கத்தியே வைக்காமல் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். உன் அண்ணி சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. ஹாலில் பலகையை நிறுத்தி அலுவலக ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டாள். எவ்வளவு உயரம்ப்பா என்று கேட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம், ஓட்டையின் உயரம் ஒன்பது அங்குலம். உள்ளே எங்களுக்கு மேடை, மேடை மேல் நாற்காலி; அதையும் ஹாலில் அப்படியே போட்டாள். வெளியே நிற்பவர் குனிந்துதான் பேச வேண்டும், அப்படியும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மனு கொடுப்பவராக நடிக்கக் கீழ்வீட்டு டெய்லர் வந்தார். உனக்குத் தெரியுமே, நெட்டை டெய்லர், நம் வீட்டு வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் ஒரு தடவையும் உள்ளே வந்ததில்லை. அவர் டேப்பை எடுத்து ஓட்டையை அளந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நிக்கிற மனுஷனுக்கு எடுத்த அளவு இல்லையே" என்றார். "நான் எடுத்த அளவு இல்லப்பா, நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அதையேதான் உனக்கும் சொல்கிறேன் தங்கச்சி, அந்த ஜன்னலை வைத்தது நான் இல்லை.

கேமராவை டெய்லரின் முதுகுக்குப் பின்னால், ஸ்டூல் மேல் நிறுத்திய மூன்று கால் ஸ்டாண்டில் உயரமாக வைத்திருந்தாள். அந்த வழியாகப் பார்த்தால் ஓட்டைக்குள்ளே நான் எலி மாதிரி தெரிவேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணி மோட்டார் சத்தம் கெடுக்குது, அணைச்சிட்டு வர்றேன் என்று அவள் மாடிக்குப் போனாள். நான் மேடையை விட்டு இறங்கி ஸ்டூலை நகர்த்திவிட்டு, அந்த ஸ்டாண்டின் காலை ஒவ்வொன்றாகத் திருகினேன். அது திடீரென்று மடங்கி உட்கார்ந்துவிட்டது, என் விரலையும் கடித்துவிட்டது. "அண்ணே, பாப்பா திட்டும்" என்று டெய்லர் கையைப் பிசைந்தார். "நீ சும்மா இருய்யா, கீழேருந்து எடுத்தாதான் ஆளு ஓங்கித் தெரியும், நோட்டுல போட்டிருக்கு" என்று சொல்லி, கேமராவைக் குனிந்திருக்கும் டெய்லரின் முகத்துக்குப் பக்கத்தில், அவர் கண் இருக்கிற உயரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து வைத்தேன். அவள் வந்தாள், கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். "இதுவே இருக்கட்டும்பா" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டெய்லருக்கு ஒரே ஒரு வரிதான் வசனம், "சார், என் சான்றிதழ் வந்துடுச்சா?" மனிதர் குனிந்து நின்ற வலியோ என்னவோ, வசனத்தை விட்டுவிட்டு, "சார், இது மூணாவது தடவை சார்" என்றார். எனக்கு எங்கேயிருந்து வந்தது என்றே தெரியல, தலையைக் கூடத் தூக்கல, "போட்டோ ஒட்டலையே. ஒட்டிட்டு நாளைக்கு வாங்க" என்றேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த அட்டையை எடுத்து ஓட்டையை மூடினேன். அட்டையும் வசனத்தில் கிடையாது, மூடுவதும் கிடையாது. மகளும், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த உன் அண்ணியும் கை தட்டினார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உன் அண்ணியிடம் என் நடிப்பைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையை இழுத்து விட்டுட்டு டிவியில போட்டுக் காட்டினா. நான் சாய்ஞ்சு உட்கார்ந்து என் கம்பீரம் வரட்டும்னு காத்திருந்தேன். வந்துச்சு. கருப்புப் பலகை, நடுவுல ஓட்டை, ஓட்டை நிறைய ஒரு மோவாய். மேலே மூக்கு. அதுக்கு மேலே கண்ணாடி, அதுல டியூப்லைட் வெள்ளையா அடிக்குது, கண்ணே தெரியல. இந்தப் பக்கம் டெய்லர் மூச்சு வாங்குறது மட்டும் கேக்குது. ஆளு ஓங்கித்தான் இருந்தான் தங்கச்சி, நோட்டுல போட்டிருந்தது பொய் இல்ல. ஓங்கி நிக்கிறவன் நல்லவனா தெரிவான்னு அதுல எங்கேயும் போடல, நானா சேர்த்துப் படிச்சிருக்கேன். எனக்கு அந்த ஆளைப் பார்த்து பயமா இருந்துச்சு. அவன் "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னப்ப, நாளைக்கும் இவன்கிட்ட வரணுமான்னு எனக்கே தோணுச்சு.

"நான் இப்படியா இருந்தேன்?"னு உன் அண்ணியைக் கேட்டேன். "நான் உங்க ஆபீசுக்கு வந்ததே இல்லையே"ன்னு சொல்லிட்டு எழுந்து போய் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சா. அதுவும் ஒரு பதில்தான். மகள்கிட்ட அந்த ஷாட்டை எடுத்துருன்னேன். "படத்துலயே உண்மையான ஷாட் அதுதான்பா, கேமராவை அங்க வெச்சதும் நீங்கதான்"னா. "நோட்டுல அதிகாரம்னு எழுதியிருந்தியே"ன்னேன். "ஆங்கிள் மட்டும் பார்த்தா போதாதுப்பா, அங்க யார் கண்ணு இருக்குன்னு கேக்கணும். அது டெய்லர் மாமா கண்ணு"ன்னா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "அதை வெட்டு, இல்லன்னா படத்துலேருந்து என்னையே வெட்டு"ன்னு கத்தினேன். அரை மணி நேரத்துல பையோட கிளம்பி உன் வீட்டுக்கு வந்துட்டா.

அதுக்கப்புறம் எனக்குப் படம் எடுக்கிறதைத் தவிர வேற யோசனையே இல்ல. யோசிச்சுப் பார்த்தா முப்பத்தொரு வருஷமா நானும்தான் படம் எடுத்திருக்கேன், எல்லாம் மேலேருந்து. எனக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் உச்சந்தலைதான். வகிடு, வழுக்கை, நரை, சாயம் பாதி போன முடி, எண்ணெய் வெச்சுப் படிய வாரின முடி. போன வாரம் பஸ் நிறுத்தத்துல ஒருத்தர் "சார், நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டார். யாருன்னே தெரியல. செருப்பு வாரைச் சரிபண்ணக் குனிஞ்சார் பாரு, உடனே தெரிஞ்சுபோச்சு. இரட்டைச் சுழி, பிறப்புச் சான்றிதழ், ஆறு தடவை வந்தவர். நான் அவர் முகத்தை அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன், நல்ல சிரிச்ச முகம். இன்னொண்ணு, அந்த ஷாட் எடுத்ததிலேருந்து டெய்லர் என்னை அண்ணேன்னு கூப்பிடுறதில்ல, சார்ங்கிறார். தைச்ச சட்டையை வாசலோட கொடுத்துட்டுப் போறார், நிலையில இடிச்சுக்கிறதுக்குக் கூட உள்ள வர்றதில்ல.

ஆகவே தங்கையே, என் கோரிக்கை நியாயமானதுதான். ஓட்டையின் உயரத்தை நிர்ணயித்தது நான் இல்லை, மேடை கட்டியது நான் இல்லை, டியூப்லைட் போட்டது நான் இல்லை. அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் தெரிந்திருப்பார்கள். இருந்தவனை மட்டும் அத்தனை பேர் முன்னால் காட்டுவது தர்மமா? வேண்டுமானால் நேர் உயரத்தில் வைத்து மறுபடி எடுக்கட்டும், நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்கள் ஐயா" என்று சொல்கிறேன். முகச்சவரம் செய்துகொண்டு தயாராக இருக்கிறேன். அவள் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். உன் மருமகளுக்கு எடுத்ததெல்லாம் கைகூடட்டும், அந்த நாற்பது வினாடியைத் தவிர.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும். ஆபீஸில் இருந்தவரை தபாலைப் பியூன்தான் கொண்டுபோவார், அப்புறம் உன் அண்ணி. இத்தனை பக்கத்துக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டணும்னு கேக்க இன்னைக்கு நானே வந்தேன். இங்கேயும் ஜன்னல் தாழ்வுதான். குனிஞ்சேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. உள்ளே இருந்த அம்மா, "குனியாதீங்க சார், இருங்க"ன்னு சொல்லிட்டு எழுந்து, பக்கத்துக் கதவைத் திறந்துகிட்டு வெளியே வந்து, என் முகத்துக்கு நேரா நின்னு, கவரை வாங்கி எடை பார்த்துச் சொன்னாங்க. கதவைத் திறந்து வர மூணு வினாடி ஆகியிருக்கும். எனக்கும் ஒரு கதவு இருந்துச்சு தங்கச்சி. கைக்கெட்டுற தூரத்துல. அது வழியா தினம் ரெண்டு தடவை டீ குடிக்கப் போயிட்டு வந்தேன்.

மேலே எழுதினது அத்தனையும் ரத்து. ஷாட்டை வெட்ட வேண்டாம்னு சொல்லு, ஒரு வினாடி கூட. சனிக்கிழமை வர்றேன். முன் வரிசையில, திரைக்கு ரொம்பக் கிட்ட, எனக்கு ஒரு இடம் பிடிச்சு வெக்கச் சொல்லு. அங்கேருந்து பார்த்தா அண்ணாந்துதான் பார்க்கணும், கழுத்து வலிக்கும்ப்பான்னு சொல்லுவா. வலிக்கட்டும்னு சொல்லு.