அக்குளில் நாற்பத்திரண்டு

காய்ச்சல் விட்டுவிட்டது. தெர்மாமீட்டரைப் பார்த்த ஓவிதியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று நாளாக அனலாய்க் கொதித்த உடம்பு. அதுவும் ரொசாரியோ நகரத்தின் இரண்டு கால்பந்து அணிகளும் மோதுகிற வாரத்தில். அந்த வாரத்தில் லீவு போட்டவனை ஊரில் ஒரு நாயும் நம்பாது. காலையில் அவர் வேலை பார்க்கும் நூடுல்ஸ் ஆலையிலிருந்து போன் வந்தது. "சாயங்காலம் கம்பெனி டாக்டர் வீட்டுக்கு வருவார்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

கம்பெனி டாக்டர் எதற்கு வீட்டுக்கு வருவார் என்று அர்ஜென்டினாவில் பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பொய்க் காய்ச்சல்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

"நெலிதா, எனக்கு என்னத்தைக் கொடுத்துத் தொலைச்சே?"

"காய்ச்சல் மாத்திரைதான், குண்டு," என்றாள் மனைவி. குண்டு என்பதுதான் வீட்டில் அவருக்குப் பெயர். "அப்புறம் என் பல்வலிக்கு வாங்கினதுல மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்."

"கெடுத்தியே. வேலை போனா இந்த வயசுல எனக்கு எவன் வேலை தருவான்?"

ஓவிதியோ கம்பளியோடு கீழ்வீட்டு மருந்துக்கடைக்கு இறங்கினார். "சுலேமா, காய்ச்சல் வர்றதுக்கு மருந்து இருக்கா?"

கடைக்காரி சுலேமா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "போறதுக்குத்தான் விக்கிறேன்."

"ஆன்டிபயாடிக் அடிச்சுத் துரத்திடுச்சு. அதைத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்."

"உங்களுக்கு வந்தது ஃப்ளூ. அது வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது, வேற கிருமிக்கு உள்ளது. காய்ச்சல் மாத்திரை சூட்டைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். சண்டை போட்டது உங்க உடம்பு. சூட்டை ஏத்தினதும் அதேதான்."

"அப்போ காய்ச்சல் நம்ம கட்சியா?"

"ஆமா."

"மூணு நாளா அதைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டினேன்? சரி, நம்ம கட்சின்னா கூப்பிட்டா வரட்டுமே."

"சண்டை முடிஞ்சாச்சு. இனி எதுக்கு வரும்?"

ஓவிதியோவுக்குத் தலை கிறுகிறுத்தது. நல்லது செய்த மருந்து நல்லது செய்யவில்லையாம், கெட்டது செய்த காய்ச்சல் கெட்டதில்லையாம். நடுவில் அவர் வேலை மட்டும் போகப்போகிறது.

மேலே வந்து இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொண்டார். வியர்த்து ஊற்றி, உடம்பு இன்னும் குளிர்ந்தது. நெலிதா கொதிக்கக் கொதிக்க மாத்தே தேநீர் கொடுத்தாள். நாக்கு வெந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு வைரஸைத் தொடாத ஆன்டிபயாடிக் வயிற்றைத் தொட்டுவிட்டது. கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தே கால் ஓய்ந்தது.

"கொஞ்சம் நடிச்சுடேன்," என்றாள் நெலிதா.

"நிஜமாப் படுத்தவன் எதுக்குடி நடிக்கணும்?"

வாசல் மணி அடித்தது. மானம் ரோஷமெல்லாம் அடுத்த நொடியே பறந்தது. நெலிதாவிடம் வெந்நீர்ப் பையை வாங்கிச் சட்டைக்குள் அக்குளோடு செருகிக்கொண்டார்.

டாக்டர் சாதுவான மனிதர். தெர்மாமீட்டரை ஓவிதியோவின் கையில் கொடுத்து அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். திரும்ப வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நாற்பத்திரண்டு. இதுக்கு மேல இதுல கோடே இல்லை."

"நான் பொய் சொல்ற ஆளில்லை டாக்டர்," என்று முனகினார் ஓவிதியோ. "எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. பதினஞ்சு நாளாவது ஆகும்."

"ஆகும், ஆகும்." டாக்டர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். நெலிதா சிலுவை போட்டுக்கொண்டாள். போர்வைக்குள் ஓவிதியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலை தப்பித்தது.

டாக்டர் வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பாவம் நீங்க. மேனேஜர்லேருந்து ஆபீஸ்ல அத்தனை பேரும் இதே ஃப்ளூவுல படுத்துட்டாங்க. முதல்ல படுத்தது நீங்கதான், முதல்ல எழுந்திருக்கப்போறதும் நீங்கதான். எழுந்திருந்தா உங்களை மேனேஜர் நாற்காலியில உட்கார வைக்கணும், பார்த்துட்டு வாங்கன்னுதான் என்னை அனுப்பினாங்க."