துணிமணிக்கு நானூறு ஜிபி

கம்ப்யூட்டர் நான்காவது முறையாக "இடம் இல்லை" என்று கையை விரித்தபோது மணி பதினொன்று. பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடம் நான்கு மணிக்குள் இன்ஜினீயருக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வரைபடக்காரருக்கு இந்த வருடம் கிடைத்த ஒரே பெரிய வேலை அது.

அவர் அதில் போட்டு வைத்திருந்த ஃபைல்களோ கையளவு. கம்ப்யூட்டரோ தொண்டைவரை நிரம்பிக் கிடந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். தான் நிரப்பவில்லை என்றால் மனைவிதான். துப்பறிய இவ்வளவு போதாதா?

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னத்த ஏத்தி வெச்சிருக்க? சினிமாவா?"

"இங்க ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். எதையும் தொடாதீங்க. அஞ்சு மணிக்கு வந்து பாக்குறேன்."

"அஞ்சு மணிக்கு வந்து ஆறுதல் சொல்லப் போறியா?"

தொடாதே என்றால் முதலில் தொடுகிற ரகம் அவர். பல வருடமாகச் சேர்த்த பாட்டுகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தார். இடம் கிடைத்தது. பன்னிரண்டு மணி ஆனதும் அந்த இடமும் போன இடம் தெரியவில்லை.

ஆத்திரத்தில் கட்டட வரைபடங்களிலேயே கை வைத்தார். 'கடைசி', 'மிகக் கடைசி', 'இதுக்கு மேல இல்லை' என்று பதினான்கு இருந்தன. 'மிகக் கடைசி'யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பிறகுதான் மிச்சம் வைத்த வரைபடத்தைத் திறந்து பார்த்தார். இரண்டு மாடி இருந்தது, படிக்கட்டு இல்லை. பிள்ளைகள் பறந்துதான் போக வேண்டும்.

எதிர்க்கடை கம்ப்யூட்டர் மெக்கானிக்கைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி இழுத்து வந்தார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எல்லா இடமும் ஒரே ஃபோல்டர்ல இருக்கு சார். நானூறு ஜிபி. பேரு 'துணிமணி'."

"பாத்தீங்களா! பீரோ பத்தாம இங்கயும் அடுக்கிட்டா. அழிங்க, மொதல்ல அழிங்க!"

அவர் மவுஸைப் பிடுங்கப் போக, மெக்கானிக் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்க சார்." ஃபோல்டரைத் திறந்தார்.

உள்ளே ஒரு புடவைப் படம்கூட இல்லை. எல்லாம் அவர் வரைந்தவை. தேதிவாரியாக, மணிவாரியாக, வருடக்கணக்கில். பாட்டை அழித்த இடத்தை விழுங்கிய, இன்று பன்னிரண்டு மணிக்கு எடுத்த பிரதியும் இருந்தது. அதில் படிக்கட்டைத் தேடினார். இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. "கிடைத்தது" என்று இன்ஜினீயரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. வரைபடக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை நீங்கதானே செட் பண்ணி வெச்சீங்க?"

"ஆமா சார், நான்தான்."

"நீங்க நல்லா இருக்கணும்! என் பொழப்பையே காப்பாத்திட்டீங்க. இத்தனை வருஷத்துல இப்படி நான் அழிச்சது இதான் மொத தடவை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

மெக்கானிக் சங்கடமாக நெளிந்தார்.

"எனக்கெதுக்கு சார் நன்றி? கேட்டு வெச்சுக்கிட்டது மேடம். துணிமணின்னு பேரு வெச்சதும் அவங்கதான். அப்புறம், இது மொத தடவை இல்ல, மேடம் கணக்குல பன்னெண்டாவது. மத்த பதினோரு தடவையும் நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அவங்களே இதுலேர்ந்து திரும்ப எடுத்து வெச்சுட்டாங்க."